உச்சிக்குச் சற்றுக் கீழே

பிரதான ஊசி ஒரு மெல்லிய கம்பி. அதன் நுனி கூம்பாகத் தீட்டப்பட்டிருக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு துளையில் அந்தக் கூம்பு இறங்கி நிற்கிறது. துளைச் சுவருக்கும் கூம்புக்கும் நடுவில் மிஞ்சுகிற இடுக்குதான் எரிபொருளின் ஒரே வழி. கடிகார முள் போகும் பக்கம் திருகினால் இடுக்கு குறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் அகலும். எரிபொருள் குறைந்தால் 'லீன்', மிகுந்தால் 'ரிச்'. மாடல் விமானம் பறக்கவிடும் எவருக்கும் இந்த இரண்டு சொற்களுக்கு மேல் அகராதி தேவைப்படுவதில்லை.

என்னிடம் இருப்பது 7.5 சிசி இன்ஜின். ஒரு கன அங்குலத்தில் 0.46 பங்கு என்பதால் '46' என்று அழைக்கிறோம். முழு வேகத்தில் நிமிடத்துக்கு 12,000 சுற்று வரை ஓடும். அந்த ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 30 மில்லி எரிபொருளைக் குடிக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு சொட்டு இருபது சுற்றுக்குப் பங்காகிறது. ஊசியை ஒரு கிளிக் திருகும்போது விரல் மாற்றுவது அந்தப் பங்கின் ஒரு துணுக்கை. கண்ணுக்கு எட்டாத அளவு அது. காதுக்கு எட்டும்.

*

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். கிண்ணத்தில் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்க அது காவல். மாடல் விமானத்தில் மிதவை கிடையாது; தலைகீழாகப் பறக்கப்போகிற ஒன்றில் மட்டம் என்று எதைச் சொல்வது? ஆகவே டேங்கிலிருந்து வரும் குழாய் நேராக ஊசிக்கே வருகிறது. டேங்குக்குள் ஒரு நெகிழ்ந்த குழாயின் முனையில் சிறு உலோகக் குண்டு. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எரிபொருள் சேரும் பக்கத்துக்கே குண்டும் போய்ச் சேரும், குழாயின் வாய் எப்போதும் முழுகியே இருக்கும். சைலன்சரிலிருந்து இன்னொரு குழாய் டேங்குக்குப் போகிறது. புகையின் அழுத்தம் எரிபொருளைப் பின்னாலிருந்து மெல்லத் தள்ளுகிறது. வேகம் கூடினால் அழுத்தமும் கூடும், தேவைக்குத் தக்கபடி தள்ளலும் கூடும். இவ்வளவு எளிய பொருள்களால் இவ்வளவு சரியாக ஒரு வேலை நடப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

மற்ற வேலையைக் காற்று செய்கிறது. குறுகலான வழியில் காற்று விரைந்து போனால் அங்கே அழுத்தம் குறையும். இத்தாலியரான வெஞ்சூரி 1797இல் எழுதிவைத்த விஷயம். கார்புரேட்டரின் தொண்டையில் அழுத்தம் குறைகிறது, ஊசியைத் தாண்டி எரிபொருள் உறிஞ்சப்படுகிறது. 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தைத் தூக்கிய இன்ஜினில் நாம் அறிந்த கார்புரேட்டர்கூட இல்லை. சார்லஸ் டெய்லர் செய்து கொடுத்த அந்த இன்ஜினில் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் காற்று வழிக்குள் விழுந்து சூட்டில் ஆவியானது. பறக்கும்போது வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழியில்லை. புறப்படும் முன் வைத்ததே அளவு.

*

இந்த இன்ஜினில் தீப்பொறி கிடையாது. தலையில் ஒரு 'குளோ பிளக்' இருக்கிறது. அதற்குள் பிளாட்டினம் கலந்த மெல்லிய சுருள் கம்பி. ஒன்றரை வோல்ட் பேட்டரியை வைத்தால் அது சிவக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம், கம்பி தொடர்ந்து சிவந்தே இருக்கும். மெத்தனால் ஆவி பிளாட்டினத்தின் மேல் படும்போது நடக்கும் வேதிவினையும் முந்தைய வெடிப்பின் சூடும் சேர்ந்து அதை அணையாமல் வைத்திருக்கின்றன. 1947இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு மாடலும் காயில், கண்டென்சர், பேட்டரி என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பறந்தது. அத்தனை எடைக்கும் பதிலாக ஒரு சுருள் கம்பி வந்தது.

அதோடு இன்னொன்றும் மாறியது. நான் அதிகம் யோசிப்பது அதைப் பற்றித்தான். தீப்பொறி இருந்தபோது எப்போது எரிய வேண்டும் என்பதைத் தனியாக வைக்க முடியும். குளோ பிளக்கில் அந்த நேரத்தை வைக்கத் திருகாணி ஏதும் இல்லை. எரிபொருள் மிகுந்தால் கம்பி குளிரும், தீ பிந்தும். குறைந்தால் கம்பி கொதிக்கும், தீ முந்தும். ஆக ஊசி அளவை மட்டும் வைக்கவில்லை, நேரத்தையும் சேர்த்தே வைக்கிறது. ஒரு கிளிக்கில் இரண்டும் நகரும். பிளக்கின் வகை, எரிபொருளின் கலவை, ப்ரொப்பல்லரின் அளவு எல்லாம் இந்த நேரத்தைத் தொடுகின்றன. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் விரலுக்கு அகப்படுவது ஊசி ஒன்றுதான்.

*

இனி சத்தம்.

ரிச்சாக வைத்துக் கிளப்பினால் சிலிண்டர் ஈரமாகவும் குளிர்ந்தும் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் எரிய வேண்டிய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில்தான் எரியும். 'ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கிறது' என்போம். தடித்த, தளர்ந்த குரல். புகை வெள்ளையாகக் கொட்டும், எண்ணெய் தெறிக்கும். ஊசியை மெல்ல மூடிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் குரல் உடைந்து மேலே தாவுகிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 200. ஒவ்வொரு சுற்றிலும் எரிந்தால் நொடிக்கு 200 அடி; ஒன்று விட்டு ஒன்று எரிந்தால் 100. சங்கீதம் கேட்கிறவருக்கு வேறு விளக்கம் வேண்டாம்: அது சரியாக ஒரு ஸ்தாயி. கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு. உண்மையில் ரிச்சாக ஓடும்போது சுற்றும் குறைந்திருக்கும் என்பதால் தாவல் அதைவிடச் சற்றுப் பெரிது.

அந்தத் தாவலுக்கும் முழு வேகத்துக்கும் நடுவே இருக்கும் இடம்தான் காது பழக வேண்டிய இடம். குரல் சில நேரம் இரண்டுக்கும் இடையே ஊசலாடும், ஒரு நொடி மேலே, ஒரு நொடி கீழே. இன்னும் அரைக் கிளிக். நிலைக்கும். இன்னும் கொஞ்சம் மூடினால் குரல் இறுகிக்கொண்டே போகும், சுற்று ஏறும், பிறகு ஏறுவது நிற்கும். அதுதான் உச்சி. அதையும் தாண்டி மூடினால் சில நொடி எதுவுமே ஆகாததுபோல் ஓடும். பிறகு சூடு ஏறி, சுற்று தானாகச் சரியத் தொடங்கும்.

கவனமாக இருக்க வேண்டியது இங்கே. உச்சியில் ஓடும் இன்ஜினின் குரல் மிகவும் இனியது. சுத்தமாக, பிசிறில்லாமல், ஒரே தம்பூராக் கம்பிபோல் நிற்கும். புகை மெலிந்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்கள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இன்ஜினுக்குச் சேதம் வருகிற எல்லை அந்த இனிமைக்கு ஒட்டினாற்போல் அடுத்த வீட்டில் இருக்கிறது.

*

எனக்கு இதைக் கற்றுத்தந்தவர் கோவையில் லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் ஒருவர். பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊரில் ஷாஃப்ட்டு கடைந்தே வாழ்ந்தவர். கொல்கத்தாவில் தயாரான அரோரா இன்ஜின்களைச் சின்ன வயதில் என்.சி.சி. பயிற்சியில் பார்த்து இதில் இறங்கினார். ஊசியில் கை வைக்கும் முன் அவர் இன்ஜினைச் சும்மா ஓடவிடுவார். நான் பரபரத்தால், "கொஞ்சம் பொறுங்க தம்பி, சூடேறட்டும். பச்சையா இருக்கறப்ப கேட்டா அது சொல்றது நிசமா இருக்காதுங்க" என்பார்.

அவர் சொன்னதற்கு உலோகத்திலேயே காரணம் இருக்கிறது. இன்றைய பல இன்ஜின்களில் அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளைச் சட்டை. சட்டை மேலே போகப் போகக் குறுகும்படி கடைந்திருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் இறுகிப் பிடிக்கும், கையால் சுற்றினாலே தெரியும். சூடேறியதும் பித்தளை விரிந்து சரியான பொருத்தம் வரும். அந்தப் பொருத்தம் வருவதற்கு முன் வைக்கிற எந்த அளவும் வேறொரு இன்ஜினுக்கு வைத்த அளவுதான். அதனால்தான் இந்த வகைப் புது இன்ஜினை மிகவும் ரிச்சாக, சூடே ஏறாமல் நெடுநேரம் ஓட்டிப் பழக்குவதும் நல்லதில்லை. குளிர்ந்தே ஓடினால் சட்டை விரியாது, பிஸ்டன் இறுக்கத்திலேயே தேயும்.

*

உச்சியைக் கண்டுபிடித்ததும் அங்கிருந்து பின்வாங்க வேண்டும். சுற்று 200, 300 குறையும் வரை ஊசியைத் திறக்க வேண்டும். இரண்டு மூன்று கிளிக். இந்தக் கலையில் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

காரணம் தரையில் இல்லை. தரையில் கட்டிப்போட்ட விமானத்தில் ப்ரொப்பல்லர் நின்ற காற்றைப் பிசைகிறது. பறக்கத் தொடங்கியதும் முன்னால் வரும் காற்று அதன் பளுவைக் குறைக்கிறது. சுற்று பத்தில் ஒரு பங்குகூடக் கூடலாம், கலவை இன்னும் லீன் பக்கம் போகும். மூக்கு மேலே நிமிர்ந்தால் டேங்க் இன்ஜினுக்குக் கீழே போய்விடும். அந்த ஒரு சாண் உயரத்தை எரிபொருள் ஏறியாக வேண்டும். டேங்க் காலியாகக் காலியாக மட்டம் இறங்கும், அதுவும் லீன் பக்கமே இழுக்கும். எந்த வழியாகப் பார்த்தாலும் வானம் இன்ஜினை ஒரே திசையில்தான் தள்ளுகிறது. தரையில் உச்சியில் வைத்தால் மேலே அது உச்சியைக் கடந்திருக்கும். அங்கே ஊசியைத் திருக யாரும் இல்லை.

ஊசியை வைக்கிற கை, கை எட்டாத ஓரிடத்துக்காக வைக்கிறது. நான் கேட்கும் குரல் இந்தத் தரையில் இருக்கிறது. கணிக்க வேண்டியது இருநூறடி உயரத்தில் வரப்போகும் குரலை. மிச்சமாக விட்ட அந்த இரண்டு கிளிக், நான் இல்லாத நேரத்துக்காக இன்ஜினிடம் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. கூட ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முழு வேகத்தில் மூக்கை வானம் நோக்கி நிமிர்த்த வேண்டும். சுற்று லேசாக ஏறினால் நல்லது. அப்படியே நின்றாலும் பரவாயில்லை. தொய்ந்தால் திறக்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் களத்தில் யாரும் பேசுவதில்லை.

இன்னொன்றையும் எழுதிவைக்கிறேன், படிக்கிறவர் இளையவராக இருக்கலாம். 11 அங்குல ப்ரொப்பல்லர் 12,000 சுற்றில் ஓடும்போது அதன் நுனி மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. கண்ணுக்கு அது ஒரு மங்கல் வட்டம். ஊசியை எப்போதும் பின்னால் இருந்துகொண்டுதான் திருக வேண்டும், முன்னால் கையை நீட்டி அல்ல. ப்ரொப்பல்லர் சுழலும் தளத்தின் நேரில் யாரும் நிற்கக் கூடாது. பல தயாரிப்பாளர்கள் ஊசியை கார்புரேட்டரிலிருந்து பிரித்து இன்ஜினின் பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருப்பது இதற்காகவே.

*

எரிபொருள் குழாயை விரலால் ஒரு கணம் நசுக்கி விடுவது பழைய சோதனை. நசுக்கியதும் சுற்று ஒரு துள்ளல் ஏறினால் ரிச் பக்கம் இடமிருக்கிறது என்று பொருள். ஏறாமல் நேராகச் சரிந்தால் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது.

*

சுற்றை அளக்க ஒளி பார்க்கும் டேக்கோமீட்டர் இருக்கிறது. ப்ரொப்பல்லர் வெளிச்சத்தை மறைப்பதை எண்ணிச் சொல்லும். அதைச் சரிபார்க்க வீட்டு டியூப்லைட்டே போதும். பழைய சோக் வைத்த டியூப்லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 தடவை மினுக்கும், நிமிடத்துக்கு 6,000. இரண்டு இலை ப்ரொப்பல்லருக்கு வைத்த மீட்டர் அதைப் பாதியாக்கி 3,000 என்று காட்ட வேண்டும். காட்டினால் கருவி நம்பத்தக்கது. 60 ஹெர்ட்ஸ் ஓடும் அமெரிக்காவில் இதே சோதனைக்கு விடை 3,600.

மீட்டர் இருப்பது நல்லதுதான். உச்சி எண் எது, எவ்வளவு பின்வாங்கினோம் என்று நோட்டில் குறித்துவைக்க அது வேண்டும். ஆனால் எண்ணைப் பார்த்துக்கொண்டே திருகும்போது, குரல் உடைவதற்கு முன் வரும் மெல்லிய கரகரப்பைத் தவறவிடுகிறோம். மீட்டர் சராசரியைச் சொல்கிறது, தயக்கத்தைச் சொல்வதில்லை. முதலில் காதால் வைத்துவிட்டு, பிறகு மீட்டரைக் காட்டுவது என்று வைத்திருக்கிறேன்.

*

எண்ணெய் பற்றி நிறையச் சொல்லலாம். இந்த இன்ஜினுக்குத் தனியாக எண்ணெய் அறை கிடையாது. எரிபொருளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்தான். மீதி மெத்தனால், அதோடு கொஞ்சம் நைட்ரோமீத்தேன். போட்டிகளில் கட்டுப்பாட்டுக் கம்பியில் வேகம் பார்க்கும் பிரிவுக்கு விதித்திருப்பது 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய், வேறெதுவும் இல்லை. எண்ணெயும் எரிபொருளும் ஒரே ஊசி வழியாகத்தான் வருகின்றன. ஊசியை மூடும்போது சூடு கூடுகிறது. அதே கிளிக்கில் அந்தச் சூட்டைத் தாங்க வேண்டிய எண்ணெயும் குறைகிறது. லீன் ஓட்டம் இன்ஜினைக் கொல்வது இப்படி இரண்டு பக்கமிருந்து.

இப்போது செயற்கை எண்ணெய்கள் உண்டு. உள்ளே சுத்தமாக வைத்திருக்கும். ஆனாலும் கொஞ்சமாவது ஆமணக்கு கலந்திருக்க வேண்டும் என்ற கட்சியில் நான் இருக்கிறேன். மற்றவை எரிந்து போய்விடும் சூட்டிலும் அது கெட்டிப்பட்டு உலோகத்தோடு ஒட்டி நிற்கும். பழுப்பாக ஒரு பூச்சு விடும், துடைக்கச் சிரமம்தான். அந்தச் சிரமம் எனக்குப் பெரிதில்லை.

முதல் உலகப் போர் விமானங்களில் ஓடிய நோம், லெ ரோன் ரோட்டரி இன்ஜின்களிலும் இதே எண்ணெய்தான். பெட்ரோல் அதை எளிதில் கரைத்துக் கழுவிவிடாது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். சுழலும் சிலிண்டர்களிலிருந்து அது அப்படியே வெளியே வீசப்பட்டு விமானியின் முகத்திலும் கம்பளி உடுப்பிலும் படிந்தது. மெத்தனாலிலோ ஆமணக்கு நன்றாகக் கரையும். அதனால்தான் இங்கே அது எரிபொருளோடு ஒன்றாகிவிட்டது. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது நம் நாட்டில், பெரும்பங்கு குஜராத்தில். எரிந்த விளக்கெண்ணெயின் அந்த வாசம் கைக்குட்டையில் நாள் கணக்கில் தங்கும்.

பறக்கும்போது பின்னால் ஒரு மெல்லிய வெண்புகைக் கோடு தெரிய வேண்டும். கீழே நிற்கிறவனுக்கு அது மேலிருந்து வரும் செய்தி. கோடு மறைந்து குரல் கூர்மையானால் உடனே வேகத்தைக் குறைத்து இறக்கிவிடுவேன்.

*

மெத்தனாலைப் பற்றி எழுதாமல் விடக் கூடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பறப்பதற்காக நான் கேனில் வைத்திருப்பதும் அதே பொருள். உடம்புக்குள் போனால் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறி, கண் நரம்பைத் தாக்கும், உயிரைப் பறிக்கும். தோல் வழியாகவும் உள்ளே போகும். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்கே தெரியாது. நம் மாநிலத்தில் அதற்கு உரிமக் கட்டுப்பாடு இருப்பது நியாயமானது. வாங்குவது சிரமமாக இருக்கிறது என்று களத்தில் யாராவது குறைப்படும்போது நான் சேர்ந்துகொள்வதில்லை.

கேனில் பெரிய எழுத்தில் தமிழில் 'விஷம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். குடிக்கிற எதையும் வைக்கும் பாட்டிலில் அதை ஒருபோதும் ஊற்றுவதில்லை. மூடியை இறுக்கியே வைப்பேன், காற்றிலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும்.

இன்ஜினுக்கு அது ஏன் இவ்வளவு இசைவானது என்றும் சொல்ல வேண்டும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு ஏறத்தாழ ஆறரைப் பங்கு போதும். நைட்ரோமீத்தேன் தன் ஆக்சிஜனைத் தானே கொண்டுவருவதால் அதற்கு 1.7 மட்டுமே. ஆகவே ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிட இருமடங்குக்கு மேல் மெத்தனால் உள்ளே போகிறது. ஆவியாகும்போது பெருமளவு சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ரிச் பக்கம் தாராளமாக இடம் கொடுக்கிறது. பெட்ரோலில் இவ்வளவு அகலமான நடைபாதை கிடையாது.

*

குறைந்த வேகத்துக்கு இரண்டாவது ஊசி. த்ராட்டில் உருளை மூடிக்கொள்ளும்போது அது நடுவே வந்து எரிபொருளைக் குறைக்கும். பிரதான ஊசியைச் சரியாக வைத்த பிறகே இதைத் தொட வேண்டும். 2,500 சுற்றில் சில நொடி நிறுத்திவைத்துவிட்டுச் சட்டென்று முழு வேகம் கொடுத்துப் பார்க்கிறோம். குரல் எழாமல் செத்தால் லீன். தொண்டை கமறியதுபோல் தடுமாறி, புகையைக் கக்கிவிட்டு எழுந்தால் ரிச். சும்மா நின்ற நேரத்தில் கீழ் அறையில் எரிபொருள் தேங்கியிருக்கிறது. எட்டில் ஒரு சுற்று, அதற்கு மேல் ஒருபோதும் இல்லை. எளிய இன்ஜின்களில் இந்த ஊசிக்குப் பதிலாகக் காற்றுத் துளையை மூடும் திருகாணி இருக்கும். அதில் எல்லாம் தலைகீழ். உள்ளே திருகினால் காற்று குறைந்து ரிச் ஆகும்.

பறப்பவரின் உயிர்நாடி இந்த இரண்டாவது ஊசியில்தான் இருக்கிறது என்பேன். தரையிறங்க வந்துகொண்டிருக்கும்போது காற்று தள்ளிவிட்டால், ஓடுபாதையைத் தவறவிட்டு மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும். அந்த நொடியில் இன்ஜின் எழுந்தே ஆக வேண்டும்.

*

ஊசி காரணமில்லாத இடங்களும் உண்டு. ஒரு பறத்தலில் ஒழுங்காக ஓடி, அடுத்ததில் லீனாகி, ஊசியைத் திறந்ததும் ரிச்சாகி, திரும்ப லீனாகும் இன்ஜினைப் பார்த்தால் ஊசியை விட்டுவிட்டு வேறிடத்தில் தேட வேண்டும். கார்புரேட்டர் அடியில் உள்ள ரப்பர் வளையம் தட்டையாகியிருக்கும். குழாயில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். டேங்கைச் சுற்றி நுரை ரப்பர் இல்லாவிட்டால் அதிர்வில் எரிபொருளே நுரைத்துவிடும். குழாயில் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். உள்ளே இருக்கும் நெகிழ்குழாய் வெடித்திருந்தால் குண்டு முழுகியிருந்தும் காற்றையே உறிஞ்சும். டேங்கின் நடுக்கோடு ஊசியின் மட்டத்துக்கோ அதற்குச் சற்றுக் கீழாகவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேட்டரியை எடுத்ததும் சுற்று விழுந்தால் ஒன்று ரிச், இல்லை பிளக் சாகப்போகிறது.

ஊசியைத் தொடாமல் இருக்கத் தெரிவதற்கு, திருகத் தெரிவதைவிட அதிக காலம் பிடிக்கும்.

*

கம்பி கட்டிப் பறக்கும் மாடல்களில் வேறொரு அழகு உண்டு. விமானம் இரண்டு கம்பிகளின் முனையில் வட்டமாகச் சுற்றும், நடுவில் நிற்பவர் கைப்பிடியால் மேலும் கீழும் ஆட்டுவார். 1940 வாக்கில் ஜிம் வாக்கர் அமெரிக்காவில் பரப்பிய முறை. அதில் சாகசம் செய்கிறவர்கள் இன்ஜினை வேண்டுமென்றே ஃபோர் ஸ்ட்ரோக்கில் வைத்துப் பறப்பார்கள். நேராகப் போகும்போது தடித்த குரலில், நிதானமாக. மூக்கை மேலே தூக்கியதும் குரல் தானாக உடைந்து மேல் ஸ்தாயிக்குப் போகும், வேண்டிய வலு அந்த இடத்தில் மட்டும் வரும். வளைவு முடிந்து நேராக்கியதும் மீண்டும் கீழே இறங்கும். டியூக் ஃபாக்ஸ் செய்த 'ஃபாக்ஸ் 35' இன்ஜின் இந்த ஓட்டத்துக்காகவே பல பத்தாண்டுகள் விரும்பப்பட்டது. ரேடியோவும் இல்லை, த்ராட்டிலும் இல்லை. பறக்கும் முன் ஊசியில் வைத்த ஓர் அளவு, பறத்தல் முழுவதும் இடமறிந்து வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொண்டுபோகிறது. இந்தத் துறையில் இதைவிட நுணுக்கமான ஊசி வைப்பை நான் அறியேன்.

*

காற்று தினம் வேறு. விடிகாலையில் குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். அதே ஊசி அப்போது லீன் பக்கம் நிற்கும், கொஞ்சம் திறக்க வேண்டும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் காற்று இளகும், மூட வேண்டும். ஈரப்பதம் கூடினாலும் மூடத்தான் வேண்டும், நீராவி ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கோவை கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே குளிர் கொஞ்சம் ஈடுகட்டினாலும் காற்று ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. கோவையில் கச்சிதமாக வைத்த இன்ஜின் அங்கே கிளம்பியதும் ஃபோர் ஸ்ட்ரோக் அடிக்கும். ஊசி நகரவே இல்லை, மலை ஏறியது மட்டும்தான்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம் பக்கம் காற்றாலைகளையெல்லாம் சுழற்றிக்கொண்டிருக்கும். அது எழுவதற்கு முன் பறந்து முடித்துவிட வேண்டும்.

*

இப்போது களத்துக்கு வருகிற இளையவர்களில் பெரும்பாலோர் மின்மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் கொண்டுவருகிறார்கள். சத்தமில்லை, எண்ணெயில்லை, விஷமில்லை. அதில் குறை சொல்ல எனக்கு எதுவுமில்லை. குழந்தைகள் தொடங்க அதுவே நல்லது. ஆனால் சிலர் பக்கத்தில் வந்து நின்று கேட்கிறார்கள். "இப்ப என்னங்கண்ணா கேட்டீங்க, எதை வெச்சுத் திருப்புனீங்க?" என்கிறார்கள். அவர்கள் கையிலேயே ஊசியைக் கொடுத்துவிடுவேன். ரிச்சிலிருந்து மெல்ல மூடச் சொல்வேன். குரல் தாவும் இடத்தில் அவர்கள் முகம் மாறும், அதன்பின் நான் விளக்க ஒன்றும் மீதியிருப்பதில்லை. உச்சியிலிருந்து பின்வாங்கச் சொல்லும்போதுதான் தயங்குவார்கள். அப்போது விமானத்தின் மூக்கை நானே நிமிர்த்திப் பிடிப்பேன்.

பறந்து முடிந்தால் டேங்கை வடித்துவிட வேண்டும். குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பதைத் தானே எரித்து நிற்கும்வரை ஓட்ட வேண்டும். நைட்ரோவின் மிச்சம் பேரிங்கை அரிக்கும், ஆகவே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்க வேண்டும்.

இந்த இன்ஜினுக்கு இப்போதைய குறிப்பு: 11க்கு 6 ப்ரொப்பல்லர், 10 சதவீத நைட்ரோ, பிரதான ஊசி இரண்டு சுற்றுக்கு ஒரு கிளிக் குறைவு. உச்சி 11,700, வைத்தது 11,400, மூக்கைத் தூக்கினால் 11,550. ஆடிக்காற்று, காலை ஏழு மணி. ஐப்பசியில் மழை பிடித்துக் காற்று ஈரமானதும் இந்த எண்கள் செல்லாது. மறுபடி ரிச்சிலிருந்து தொடங்க வேண்டும்.